வால்மீனைப் படம் பிடித்த வைணு பாப்பு

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

வால் நட்சத்திரம் தோன்றினால் நாட்டுக்கு ஆகாது, அரசனுக்கு ஆகாது என்று நம் பாட்டிமார் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். மக்கள் அச்சத்தோடு நோக்கிய அந்த விண்பொருளை ஆசையோடு நோக்கி, இரவெல்லாம் கண்விழித்துக் காத்திருந்து, கண்ணாடித் தகட்டிலே பிடித்து வைத்தவர்களும் இவ்வுலகில் உண்டு. அவர்களுள் ஒருவர் சென்னையிலே பிறந்தார், ஐதராபாத்திலே வளர்ந்தார், அமெரிக்காவிலே பயின்றார், பின்னர் நம் தமிழ்நாட்டு மலைகளுக்கே வந்து சேர்ந்து தம் வாழ்வின் பெரும்பகுதியை அங்கே செலவிட்டார். இந்தியர் ஒருவரின் பெயரைத் தாங்கிய வால்மீன் எது என்று கேட்டால் அறிவியல் அறிந்தோர் அவர் பெயரைத்தான் சொல்வார்கள். அவர்தாம் மணலி கல்லாட் வைணு பாப்பு.

ஏரிக்கரையில் ஒரு விடியற்காலை

அவரைப் பற்றி அறிய வேண்டும் என்ற ஆவல் எனக்கு எழுந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். 2024ஆம் ஆண்டு செப்டம்பர் மாத இறுதியில் சுச்சின்ஷான்–அட்லஸ் என்னும் வால்மீன் விடியற்காலைக் கிழக்கு வானில் தோன்றியது. நாங்கள் நண்பர்கள் நால்வர் உத்திரமேரூர் ஏரிக்கரைக்குச் சென்று, மதகுச் சுவரின்மேல் கைபேசியைச் சாய்த்து வைத்து, முப்பது விநாடி திறந்திருக்குமாறு செய்து படம் எடுத்தோம். படத்தில் விழுந்தவை என்ன? கோடு கோடாக நீண்ட விண்மீன்களும், அடிவானத்தருகே ஒரு மங்கிய கறையும்தாம்!

வெட்கத்தோடு அந்தப் படத்தை எங்கள் பேராசிரியரிடம் காட்டினோம். அவர் சிரிக்கவில்லை. நாங்கள் படம் பிடித்திருப்பது வால்மீனை அல்ல, பூமியின் சுழற்சியை என்று விளக்கினார். பூமி ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 15 பாகை சுழல்கிறது. கேமரா தரையோடு சேர்ந்து நகர்வதால் விண்மீன் புள்ளியாக விழாமல் கோடாக இழுபடுகிறது. அப்படியானால் மங்கலான வால்மீனை மணிக்கணக்கில் படம் பிடித்தவர்கள் எவ்வாறு பிடித்தார்கள்? இந்தக் கேள்விக்கு விடை தேடிப் புறப்பட்டபோதுதான் பாப்பு அவர்களின் வாழ்க்கை எனக்குக் கிடைத்தது. வியப்பு என்னவென்றால், அந்த வாழ்க்கையின் வேர், அவர் பிறப்பதற்கு 45 ஆண்டுகளுக்கு முன்னே, ஒரு வால்மீனைப் பிடிக்கக் கட்டப்பட்ட ஒரு சிறு கேமராவில் இருக்கிறது.

தொலைநோக்கியின் முதுகில் ஏறிய கேமரா

வால்மீனை முதன்முதலில் ஒளிப்படமாக எடுத்தவர் பெரிய வானியல் அறிஞர் அல்லர். ஆட்களைப் படம் எடுத்துப் பிழைத்த ஒரு தொழிலாளர். இங்கிலாந்து நாட்டின் அஷர்வுட் என்பவர், 1858 செப்டம்பர் 27ஆம் நாள், வால்டன் என்னும் ஊர்த் திடலுக்குத் தம் உருவப்படக் கேமராவை எடுத்துச் சென்று, டொனாட்டி வால்மீனை ஏழு விநாடியில் பிடித்தார். அந்த வால்மீன் மிகப் பிரகாசமானது, வில்லையும் அகன்றது. ஆகவே ஏழு விநாடி போதுமானதாயிற்று. மங்கலான வால்களுக்கும் தொலைவிலுள்ள விண்மீன்களுக்கும் அந்த வழி உதவாது.

1882ஆம் ஆண்டில் பட்டப்பகலிலேயே கண்ணுக்குத் தெரிந்த ஒரு பெரும் வால்மீன் தோன்றியது. தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனை வானாய்வு நிலையத்தின் தலைவராக இருந்தவர் டேவிட் கில். அங்கே படமெடுக்கும் கருவி இல்லை. அவர் அந்த வட்டாரத்துப் படக்காரர் ஒருவரை அழைத்து, அவருடைய கேமராவை, 2.5 அங்குல வில்லையோடு, தொலைநோக்கியின் மேலேயே வைத்துக் கட்டினார். தொலைநோக்கியோ கடிகாரப் பொறியால் விண்மீன்களைத் தொடர்ந்து திரும்பக்கூடியது. அதன் முதுகில் ஏறிய கேமராவும் சேர்ந்து திரும்பியது. தொலைநோக்கி வழியாக வால்மீனின் தலையைப் பார்த்து, அது நழுவாதபடி காத்துக்கொண்டால், கேமராவின் தகட்டில் ஒளி ஒரே இடத்தில் சேர்ந்துகொண்டே இருக்கும். எங்கள் கேள்விக்கான விடை இதுதான்.

அந்தத் தகடுகளைக் கழுவிப் பார்த்த கில் வால்மீனை மட்டும் காணவில்லை. அதன் பின்னணியில் எண்ணற்ற விண்மீன்கள் பதிந்திருக்கக் கண்டார். வானம் முழுவதையும் இப்படியே படமாக எடுத்து அட்டவணை செய்துவிடலாமே என்ற எண்ணம் வலுப்பெற்றது. 1887இல் பாரிசில் கூடிய மாநாடு வானத்தைப் பல நாட்டு வானாய்வு நிலையங்களுக்குப் பங்கு பிரித்துக் கொடுத்தது. இந்தியாவில் அந்தப் பங்கை ஏற்ற நிலையம் ஐதராபாத்தின் நிஜாமியா வானாய்வு நிலையம். அங்கே பணியாற்றியவர்களுள் ஒருவர் நம் பாப்புவின் தந்தையார்!

தந்தையின் கூடம்

வைணு பாப்பு 1927 ஆகஸ்டு 10ஆம் நாள் சென்னையில் பிறந்தார். பெற்றோர்க்கு ஒரே மகன். பூர்வீகம் கேரளம். தந்தையார் நிஜாமியாவில் பணியாற்றியதால் இளமை ஐதராபாத்தில் கழிந்தது. மற்றக் குழந்தைகள் தெருவில் பந்தாடிய வயதில் இந்தக் குழந்தைக்குத் தொலைநோக்கிக் கூடமே விளையாட்டிடமாக இருந்தது எனலாம். விண்மீன் பதிந்த கண்ணாடித் தகடுகளும் அவற்றை அளக்கும் நுண்ணோக்கியும் அவருக்கு வீட்டுச் சாமான்களைப் போலப் பழகியவை.

நிஜாம் கல்லூரியில் பயின்ற காலத்திலேயே, ஒளி கூடியும் குறைந்தும் காணப்படும் மாறும் விண்மீன்களைத் தாமே நோக்கி எழுதினார். 1946இல், இன்னும் இருபது வயது நிரம்பாத நிலையில், அவருடைய ஆய்வுக் கட்டுரை அச்சில் வந்துவிட்டது. நம் வயதுதான் என்பதை எண்ணிப் பார்க்கும்போது மனம் சற்றே கூசுகிறது. ஆயினும் ஒன்றை மறத்தல் கூடாது. அவருக்கு வீட்டிலேயே ஓர் ஆசான் இருந்தார். பக்கத்திலேயே ஒரு தொலைநோக்கி இருந்தது. அத்தகைய வாய்ப்பு இல்லாத ஊர்ப்புற மாணவர்க்கு என்ன வழி என்ற கேள்வி அவர் வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் எனக்குள் எழுந்துகொண்டே இருந்தது. பிற்காலத்தில் அவர் செய்த பணிகளே அதற்கு விடை கூறின.

1949 சூலை 2

ஆர்வர்டு வானாய்வு நிலையத்தின் தலைவரான ஹார்லோ ஷாப்லியின் ஆதரவும், ஐதராபாத் அரசின் உதவித்தொகையும் கிடைக்க, 1949ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பாப்பு அமெரிக்காவின் ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தார். சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்தன. அவ்வாண்டு சூலை 2ஆம் நாள் இரவு, அகன்ற வான்பரப்பை ஒருசேரப் படமெடுக்கும் ஷ்மித் வகைத் தொலைநோக்கியால் வழக்கமான படங்களை எடுத்துக்கொண்டிருந்தார்.

அக்காலத்தில் படச்சுருள் அன்று, கண்ணாடித் தகடுதான். வெள்ளி உப்புப் பூசிய அந்தத் தகட்டை இருட்டறையில் சட்டத்தில் பொருத்தி, தொலைநோக்கிக்குள் செலுத்தி, குறித்த நேரம் வரை விண்மீன் நழுவாமல் காத்து, மீண்டும் இருட்டறைக்குக் கொண்டு வந்து மருந்து நீரில் கழுவ வேண்டும். கழுவியபின் கிடைப்பது எதிர்ப்படம். வானம் வெளுப்பாகவும் விண்மீன்கள் கருப்புப் புள்ளிகளாகவும் இருக்கும். ஆயிரக்கணக்கான அந்தக் கரும்புள்ளிகளுக்கிடையே, கூர்மையற்ற ஒரு சிறு புகைத்திட்டு பாப்புவின் கண்ணில் பட்டது.

தூசியாக இருக்கலாம், தகட்டின் குறையாக இருக்கலாம், முன்பே அறிந்த விண்முகிலாகவும் இருக்கலாம். வால்மீன்தான் என்று எப்படித் துணிவது? அது நகர வேண்டும். வெவ்வேறு நேரத்தில் எடுத்த தகடுகளை ஒப்பிட்டுப் பார்த்தால் விண்மீன்கள் நின்ற இடத்திலேயே நிற்க, வால்மீன் மட்டும் இடம் பெயர்ந்திருக்கும். பேராசிரியர் பார்ட் போக், உடன் பயின்ற கார்டன் நியூகர்க் ஆகியோரின் துணையோடு அது புதிய வால்மீன்தான் என்று உறுதியாயிற்று. மூவர் பெயரும் சேர்ந்து அதற்குப் பாப்பு–போக்–நியூகர்க் வால்மீன் என்ற பெயர் நிலைத்தது. பசிபிக் வானியல் கழகம் வால்மீன் கண்டவர்க்கு வழங்கும் டோன்ஹோ பதக்கத்தை அந்த 22 வயது இளைஞருக்கு அளித்தது.

நம் ஊர் வைகுந்தப் பெருமாள் கோயிலின் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919ஆம் ஆண்டிலும் 921ஆம் ஆண்டிலும் குடவோலைத் தேர்தல் முறையைக் கல்லில் வெட்டி வைத்தார்கள். வெட்டி வைத்ததால்தான் ஆயிரத்து நூறு ஆண்டுகள் கழிந்தும் நாம் அதை ஐயமின்றி அறிகிறோம். கண்ணாடித் தகடும் அத்தகைய கல்வெட்டே. கண் கண்டதை மறக்கலாம், மிகைப்படுத்தவும் கூடும். தகடு மறப்பதில்லை. பத்தாண்டு கழித்து எவர் எடுத்து அளந்தாலும் அதே இடத்தில் அதே புள்ளி இருக்கும். பாப்பு தம் வாழ்நாள் முழுவதும் கருவிகளின்மீது வைத்திருந்த பற்றுக்கு இதுவே காரணம் என்று நான் எண்ணுகிறேன்.

விளக்கு எத்தகையது?

1952இல் முனைவர் பட்டம் பெற்ற பாப்பு, கார்னகி ஆய்வுதவி பெற்று, கலிபோர்னியாவின் மவுண்ட் வில்சன், பாலோமார் வானாய்வு நிலையங்களுக்குச் சென்றார். அந்த உதவியைப் பெற்ற முதல் இந்தியர் அவரே. அங்கே ஓலின் வில்சன் என்ற அறிஞரோடு சேர்ந்து செய்த ஆய்வுதான் வால்மீனைவிடப் பெரும்புகழை அவருக்குத் தேடித் தந்தது.

இருட்டில் வெகுதொலைவில் ஒரு வெளிச்சம் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். அது பக்கத்து வயலில் உள்ள அரிக்கேன் விளக்கா, அடுத்த ஊரில் உள்ள பெட்ரோமாக்ஸ் விளக்கா என்று வெறுங்கண்ணால் சொல்ல இயலாது. விளக்கின் உண்மை வலிமை தெரிந்தால்தான் அது இருக்கும் தொலைவைக் கணக்கிடலாம். விண்மீன்களுக்கும் இதே சிக்கல். குளிர்ந்த விண்மீன்களின் ஒளியை நிறமாலையாக விரித்தால் கால்சியத்துக்கு உரிய எச், கே என்னும் இரண்டு அகன்ற இருள்வரிகள் தெரியும். அவற்றின் நடுவே மெல்லிய ஒளிவரி ஒன்று ஓடும். அந்த ஒளிவரியின் அகலம், விண்மீனின் உண்மையான ஒளிர்வு கூடக் கூடக் கூடுகிறது என்று வில்சனும் பாப்புவும் கண்டு 1957இல் வெளியிட்டனர். விளக்கின் அருகே செல்லாமலேயே அதன் வலிமையை அளக்கும் வழி கிடைத்துவிட்டது. உலக வானியல் நூல்களில் வில்சன்–பாப்பு விளைவு என்ற பெயரோடு அது இன்றும் கற்பிக்கப்படுகிறது.

தாயகம் திரும்பினார்

உலகின் மிகப் பெரிய தொலைநோக்கியான பாலோமாரின் 200 அங்குலத் தொலைநோக்கி இருந்த இடத்தில் பணியாற்றியவர் அங்கேயே தங்கியிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் 1953இல் பாப்பு இந்தியா திரும்பினார். இங்கே அவருக்காகப் பெரிய பதவியோ பெரிய தொலைநோக்கியோ காத்திருக்கவில்லை. 1954இல் வாரணாசியில் தொடங்கப்பட்டிருந்த உத்தரப்பிரதேச அரசு வானாய்வு நிலையத்தின் பொறுப்பை ஏற்றார். புழுதி நிறைந்த சமவெளி வானம் ஆய்வுக்கு ஏற்றதன்று என்று கண்டு, 1955இல் அந்நிலையம் இமயமலை அடிவாரத்து நைனிடாலுக்கு மாறியது. இல்லாத இடத்தில் ஒன்றைத் தொடங்கும் கலையை அவர் அங்கேதான் கற்றார்.

1960இல் கொடைக்கானல் வானாய்வு நிலையத்தின் தலைவரானார். 1899இல் நிறுவப்பட்ட அந்நிலையம் சூரியனை ஆராய்வதில் உலகப் புகழ் பெற்றது. சூரியக் கரும்புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை 1909இல் எவர்ஷெட் கண்டறிந்த இடம் அதுவே.

அங்கே 1965ஆம் ஆண்டு பாப்புவுக்கு ஓர் அரிய வாய்ப்பு வந்தது. சப்பான் நாட்டின் இக்கேயா, செக்கி என்ற இருவர் அவ்வாண்டு செப்டம்பரில் கண்டறிந்த வால்மீன், அக்டோபர் 21ஆம் நாள் சூரியனை மிக நெருங்கிச் சுற்றியது. சூரியனுக்கு அருகே பகலிலேயே தெரியும் அளவுக்கு ஒளிர்ந்தது. பாப்பு தம் குழுவினரோடு கொடைக்கானலில் அதனை நோக்கி ஆராய்ந்து, முடிவுகளை வெளியிட்டார். இதில் இரண்டு செய்திகள் நெஞ்சைத் தொடுவன. முதலாவது, இக்கேயா–செக்கி வால்மீனின் பாதையும் 1882ஆம் ஆண்டுப் பெரும் வால்மீனின் பாதையும் ஏறத்தாழ ஒன்றே. பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோன்றிய ஒரே வால்மீன் உடைந்து பிறந்த உடன்பிறப்புகள் அவை என்று வானியலார் கருதுகின்றனர். எந்த வால்மீனைப் பிடிக்கக் கில் ஒரு சிறு கேமராவைக் கட்டினாரோ, எந்தப் படத்தின் விளைவாகப் பாப்புவின் தந்தையார் கையில் விண்மீன் தகடுகள் வந்தனவோ, அதே வால்மீனின் தம்பியை மகன் ஆராய்ந்தார்! இரண்டாவது, அதனைக் கண்டறிந்த இக்கேயா பல்கலைக்கழகம் சென்றவர் அல்லர். பியானோ செய்யும் ஆலையில் கூலி வேலை பார்த்த இளைஞர். தொலைநோக்கியின் ஆடியைத் தம் கையாலேயே தேய்த்துச் செய்து, 1963இல் தம் முதல் வால்மீனைக் கண்டபோது அவருக்கு வயது 19.

காவலூர்

கொடைக்கானலின் பகல் வானம் சூரிய ஆய்வுக்கு ஏற்றது. ஆனால் இரவில் மேகமும் பனியும் மிகுதி. விண்மீன் ஆய்வுக்கு வேறு இடம் வேண்டும் என்று பாப்பு தென்னாட்டு மலைகளைத் தேடத் தொடங்கினார். தேடலின் முடிவில் அவர் தேர்ந்த இடம், அன்றைய வட ஆர்க்காடு மாவட்டத்தில், இன்றைய திருப்பத்தூர் மாவட்டத்தில், சவ்வாது மலையில் ஆலங்காயத்துக்கு அருகே உள்ள காவலூர். கடல் மட்டத்திலிருந்து 725 மீட்டர் உயரம். ஏறத்தாழ 40 ஹெக்டேர் காட்டு நிலம். அருகே பெருநகர் ஒளி இல்லை.

ஏன் வட இந்திய மலைகளை விட்டு இங்கே வந்தார்? காவலூரின் அட்சரேகை ஏறத்தாழ 12.6 பாகை. பூமியின் நடுக்கோட்டுக்கு அருகே இருப்பதால் தென்வானத்தின் பெரும்பகுதியும் அங்கிருந்து தெரியும். 1986 ஏப்ரலில் ஹாலி வால்மீன் வான நடுக்கோட்டுக்குத் தெற்கே ஏறத்தாழ 47 பாகைக்குச் சென்றுவிட்டபோது, இலண்டன் நகரத்தார்க்கு அது அடிவானத்துக்கு மேலே வரவே இல்லை. காவலூரிலோ 30 பாகை உயரத்தில் நின்றது. மாணவ நண்பர்களே, இன்னொன்றும் சொல்கிறேன். நம் உத்திரமேரூரின் அட்சரேகையும் ஏறத்தாழ அதே 12.6 பாகைதான்! நம் தலைக்கு நேர்மேலே கடக்கும் விண்மீன் சுமார் நான்கு நிமிடம் கழித்துக் காவலூரின் உச்சியைக் கடக்கிறது. வானம் இருவர்க்கும் ஒன்றே.

1968இல் காவலூரில் முதல் தொலைநோக்கி நிறுவப்பட்டது. அதன் ஆடியின் குறுக்களவு 38 சென்டிமீட்டர்தான். வெளிநாட்டில் வாங்கியதன்று, நிலையத்தின் பட்டறையிலேயே செய்தது. 1972இல் செருமனியின் கார்ல் சைஸ் நிறுவனத்தின் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. வந்த அதே ஆண்டு சூன் 7ஆம் நாள், வியாழனின் நிலவான கானிமீடு ஒரு விண்மீனை மறைத்ததைக் காவலூரில் நோக்கி, அந்நிலவைச் சுற்றி மெல்லிய வளிமண்டலம் இருப்பதற்கான குறிப்பைக் கண்டனர். 1977 மார்ச்சு 10ஆம் நாள் யுரேனசு கோள் ஒரு விண்மீனை மறைக்கும் முன்னே அந்த விண்மீன் ஒளி திடீரென மங்கியதும் அங்கே பதிவாயிற்று. யுரேனசுக்கு வளையங்கள் உண்டு என்பதை உலகம் அறிந்தது அந்த நாளில்தான்.

இதற்கிடையே 1971இல் கொடைக்கானல் நிலையம் இந்திய வானியற்பியல் நிறுவனம் என்னும் தன்னாட்சி நிறுவனமாகியது. அதன் முதல் இயக்குநர் பாப்பு.

காணாமலே மூடிய கண்கள்

38 சென்டிமீட்டர் ஆடியை நாமே செய்ய முடிந்தால் பெரிய ஆடியையும் நாமே செய்யலாம் என்று பாப்பு துணிந்தார். 2.34 மீட்டர் குறுக்களவுள்ள தொலைநோக்கியை இந்தியாவிலேயே உருவாக்கும் திட்டம் தொடங்கியது. மூலக் கண்ணாடி செருமனியிலிருந்து வந்தது; அதைத் தேய்த்து மெருகேற்றும் பணி பெங்களூரில் நடந்தது. கனரக இரும்புப் பாகங்கள் மகாராட்டிரத்தின் வால்சந்த் நகரில் உருவாயின. விலைக்கு வாங்கியிருந்தால் வேலை விரைவில் முடிந்திருக்கும் என்று கருதியோரும் இருந்திருக்கலாம். ஆனால் வாங்கிய கருவி பழுதானால் செய்தவனைத் தேடி ஓட வேண்டும். செய்த கருவி பழுதானால் நம் கையே போதும். அது மட்டுமன்று, ஒரு கருவியைச் செய்யும்போது அதனைச் செய்யத் தெரிந்த ஆட்களும் உருவாகிறார்கள்.

1979இல் பன்னாட்டு வானியல் ஒன்றியம் அவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. அப்பதவியை அடைந்த முதல் இந்தியர் அவரே. 1981இல் இந்திய அரசு பத்மபூஷண் விருது அளித்தது. 1982 ஆகஸ்டில் கிரேக்க நாட்டின் பத்ராசு நகரில் ஒன்றியத்தின் மாநாடு கூடியது. உலகின் வானியலார் எல்லாம் அங்கே கூடியிருக்க, தலைமை ஏற்க வேண்டியவரோ இதய நோயால் செருமனியின் மியூனிக் நகரில் மருத்துவமனையில் இருந்தார். மாநாடு நடந்துகொண்டிருக்கும்போதே, ஆகஸ்டு 19ஆம் நாள் அவர் உயிர் பிரிந்தது. ஐம்பத்தைந்து வயது நிரம்பி ஒன்பது நாட்களே ஆகியிருந்தன.

அவர் கனவு கண்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி அப்போது முடிந்திருக்கவில்லை. அவர் உருவாக்கிய ஆட்கள் அதை முடித்தார்கள். 1985 நவம்பரில் அதன் ஆடியில் முதன்முதலாக விண்மீன் ஒளி விழுந்தது. 1986 சனவரி 6ஆம் நாள் அன்றைய பிரதமர் இராசீவ் காந்தி அத்தொலைநோக்கிக்கும் காவலூர் நிலையத்துக்கும் வைணு பாப்புவின் பெயரைச் சூட்டினார். அடுத்த மாதமே ஹாலி வால்மீன் சூரியனைச் சுற்றித் திரும்பியது. 1988இல் காவலூரின் 45 சென்டிமீட்டர் ஷ்மித் கேமரா எடுத்த படத்தில் ஒரு சிறுகோள் கண்டறியப்பட்டு, அதற்குக் கணித மேதை இராமானுசன் பெயர் இடப்பட்டது. வால்மீனைத் தேடிய இளைஞர் விட்டுச் சென்ற வழக்கம் தொடர்ந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

நம் கையில் உள்ளது

பாப்புவின் வாழ்க்கையைப் படித்து முடித்தபின் நாங்கள் நால்வரும் மீண்டும் அந்தக் கறை விழுந்த படத்தை எடுத்துப் பார்த்தோம். கில் செய்ததை நாமும் செய்தால் என்ன என்று தோன்றியது. கடிகாரப் பொறியுள்ள தொலைநோக்கிக்கு எங்கே போவது? அதற்கும் வழி உண்டு. இரண்டு பலகைகளை ஒரு கதவுக்கீலால் இணைக்க வேண்டும். கீழ்ப்பலகை அசையாதது, மேல்பலகையின்மேல் கேமரா. கீலின் அச்சு வடக்கே துருவ விண்மீனை நோக்க வேண்டும். நம் ஊரில் அது அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 12.6 பாகை உயரத்தில், அதாவது நீட்டிய கையின் மடக்கிய முட்டியைவிடச் சற்றே கூடுதலான உயரத்தில் இருக்கும். கீழ்ப்பலகையில் மரை பிடித்து, 6 மில்லிமீட்டர் போல்ட்டு ஒன்றைச் செலுத்தி, அதன் முனை மேல்பலகையை மேலே தள்ளுமாறு செய்ய வேண்டும். அந்தப் போல்ட்டு ஒரு சுற்றுக்கு ஒரு மில்லிமீட்டர் ஏறும். பூமியோ நிமிடத்துக்குக் கால் பாகை சுழல்கிறது. ஒரு மில்லிமீட்டர் ஏற்றம் கால் பாகைத் திருப்பத்தைத் தர வேண்டுமானால் கீலுக்கும் போல்ட்டுக்கும் இடையே 229 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். பிறகென்ன? கைக்கடிகாரத்தின் விநாடி முள்ளோடு சேர்த்து, நிமிடத்துக்கு ஒரு சுற்றாகப் போல்ட்டைக் கையால் திருப்பிக்கொண்டிருந்தால் போதும். சில நிமிடங்கள் வரை விண்மீன் கோடாக இழுபடாமல் புள்ளியாகவே நிற்கும்.

முதலாமாண்டில் படித்த கோண அளவுக் கணக்கு இப்படி ஒரு பலகையில் வந்து உட்காரும் என்று நான் நினைத்ததில்லை. எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். இயற்பியல் படித்து என்ன செய்யப் போகிறாய் என்று வீட்டில் கேட்பவர்களுக்கு இதுவரை என்னால் நேரான விடை சொல்ல முடிந்ததில்லை. இந்தப் பலகையை எங்கள் தெருத் தச்சரிடம் செய்யக் கொடுத்தபோது, கீல் ஏன் வடக்கே சாய வேண்டும் என்று அவர் கேட்டார். நான் விளக்கினேன். பக்கத்தில் நின்ற என் தந்தையார் குறுக்கிடாமல் முழுவதையும் கேட்டார். அன்றிரவு அவரும் ஏரிக்கரைக்கு வந்து, போல்ட்டைத் தாமே திருப்பினார். அடுத்த வால்மீன் எப்போது வரும் என்று அதன்பின் இரண்டு முறை கேட்டுவிட்டார்.

நிஜாமியா போன்ற கூடம் நம் ஊரில் இல்லை. ஆனால் வால்மீனை முதலில் பிடித்தவர் கூடம் இல்லாதவர். கில்லின் கேமரா இரவல். இக்கேயாவின் ஆடி கையால் தேய்த்தது. காவலூரின் முதல் தொலைநோக்கி பட்டறையில் செய்தது. இருப்பதைக் கொண்டு செய், செய்துகொண்டே கற்றுக்கொள் என்பதே பாப்பு அவர்களின் வாழ்க்கை நமக்குக் காட்டும் பாடம். நம் மாவட்டத்து மாணவர்கள் ஒருமுறையேனும் காவலூர் சென்று, அவர் காணாமலே சென்ற அந்தத் தொலைநோக்கியின் முன் நின்று வர வேண்டும். சென்று வந்தபின் நம் ஏரிக்கரையிலும் நின்று வானத்தை நோக்க வேண்டும். அதே வானம், நான்கு நிமிடம்தான் வேறுபாடு.

வளர்க அவர் தொடங்கிய பணி! வாழ்க அவர் புகழ்!